சர்வரை எத்தனை நாளைக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்?

வேலூர் வட்டாரத்தில் சர்வர் என்றால் பெரும்பாலும் குளிரூட்டிய கூடத்தில் வரிசையாக நிற்கும் இயந்திரங்கள் அல்ல. லாட்ஜ் ரிசப்ஷனில் மேசைக்கு அடியில் இருக்கும் கறுப்புப் பெட்டி, மண்டித் தெருவில் டாலி கணக்கு ஏறியிருக்கும் கம்ப்யூட்டர், ஆம்பூர், பேரணாம்பட்டு தோல் தொழிற்சாலைகளில் சரக்கு விவரமும் சம்பளப் பட்டியலும் வைத்திருக்கும் மெஷின், சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள ஸ்கேன் சென்டர்களில் படங்களைச் சேமிக்கும் மெஷின், மற்ற கம்ப்யூட்டர்களுக்குத் தகவலை வைத்திருந்து தரும் இவைதான் இங்கே சர்வர்கள். இவற்றைப் பராமரிக்கப் போகும் ஆளிடம் எல்லா இடத்திலும் கேட்கப்படுவது ஒரே கேள்வி: இதை எத்தனை நாளைக்கு ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணணும்?

கேட்பவர்கள் ஏற்கெனவே ஒரு பழக்கத்தில் இருப்பார்கள். சிலர் ஷட்டரை இறக்கும்போதே சர்வரையும் அணைத்துவிட்டுப் போவார்கள். "ராத்திரி பூரா ஓடினா சூடாயிடும், அதுக்கும் ரெஸ்ட் வேணும் இல்ல" என்பது அவர்கள் கணக்கு. வேறு சிலர் "நல்லா ஓடுதுணா, கை வெக்க வேணாம்" என்று வருஷக்கணக்கில் அப்படியே விட்டுவைப்பார்கள். இந்த இரண்டாவது பழக்கம்தான் எனக்குக் கவலை தருவது. ஓடிக்கொண்டே இருப்பதால் மெஷின் களைத்துவிடும் என்பதற்காக அல்ல. அது மறுபடி எழுந்து நிற்குமா என்று அங்கே யாருக்குமே தெரியாமல் போய்விடுகிறது.

முதலில் ஓய்வு விஷயத்தை முடித்துவிடலாம். சர்வருக்கென்று செய்யப்பட்ட பவர் சப்ளை, ஹார்ட் டிஸ்க், ஃபேன் எல்லாம் நாள் முழுக்க ஓடுவதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. சிப்புக்கு ஓய்வு கொடுத்தால் அது புதிதாகிவிடாது. சொல்லப்போனால், சூடேறி ஆறி மறுபடி சூடேறும்போது உள்ளே உள்ள இணைப்புகள் விரிந்து சுருங்குகின்றன. தினமும் அணைத்துப் போடுவதில் அந்தத் தேய்மானம்தான் கூடுகிறது. தவிர, ரீஸ்டார்ட் செய்யும்போது மின்சாரம் நிற்பதே இல்லை, அதனால் அதில் ஆறுவதற்கு வழியும் இல்லை. வேலூரில் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டுக்கு மருந்து காற்றோட்டமும் ஏ.சி.யும், ஃபேனில் படிந்த தூசியைத் துடைப்பதும்தான்.

களைப்பது மெஷின் இல்லை என்றால், "ரீஸ்டார்ட் பண்ணதும் சரியாயிடுச்சு" என்று எல்லோரும் சொல்வது எப்படி? அதுவும் உண்மைதான். பழசாவது உள்ளே ஓடும் மென்பொருளின் நிலை. ஒரு லாட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். தங்கியவர் அறையைக் காலி செய்துவிட்டார், சாவியை மட்டும் கவுன்ட்டரில் கொடுக்காமல் போய்விட்டார். அறை காலிதான், ஆனால் மேனேஜரின் பதிவேட்டில் ஆள் இருப்பதாகவே இருக்கும். அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. தினம் நாலு பேர் இப்படிச் செய்தால் ஒருநாள் லாட்ஜே நிரம்பிவிடும். மெமரி லீக் என்பது இதுதான். ஒரு புரோகிராம் வேலைக்காக மெமரியைக் கேட்டு வாங்குகிறது, வேலை முடிந்ததும் திருப்பித் தர மறக்கிறது. திறந்த ஃபைல்கள், டேட்டாபேஸ் இணைப்புகள் எல்லாவற்றிலும் இதே கதை நடக்கும். ரீஸ்டார்ட் செய்தால் எல்லாச் சாவியும் ஒரே அடியாகக் கவுன்ட்டருக்கு வந்துவிடுகிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 1995-லேயே இதை ஆராய்ந்து எழுதினார்கள். நீண்ட நாள் ஓடும் மென்பொருள் மூப்படைகிறது, அது விழும்வரை காத்திருக்காமல் நாமே திட்டமிட்டு நிறுத்தித் தொடங்கினால் நஷ்டம் குறையும் என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் இன்றும் நிற்கிறது. ஆனால் எதை நிறுத்தித் தொடங்குவது என்பதில்தான் நம் ஊரில் தவறு நடக்கிறது. கசிவது பெரும்பாலும் ஒரே ஒரு புரோகிராம்: பில்லிங் சாஃப்ட்வேர், பின்னணியில் ஓடி ரிப்போர்ட் எடுக்கும் சர்வீஸ், பழைய பிரிண்டர் டிரைவர் மாதிரி ஏதாவது. அந்தச் சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் நொடிகளில் வேலை முடிந்துவிடும். அதற்குப் போய் மொத்த மெஷினையும் இறக்குகிறோம்.

இதில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. சர்வர் மெதுவாகிறது, உடனே ரீஸ்டார்ட், மறுபடி வேகம். எந்தப் புரோகிராம் மெமரியை விழுங்கியது என்ற தடயமும் அதோடு அழிந்துவிட்டது. விண்டோஸில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெமரி எடுப்பவற்றை வரிசைப்படுத்தி, கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ள ஒரு நிமிடம் ஆகுமா? அந்த ஒரு படம் சாஃப்ட்வேர் கொடுத்தவரிடம் பேசும்போது பெரிய சாட்சி. வாரம் தவறாமல் ஞாயிறு பின்னிரவில் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்துவிட்டு, ஏன் வைத்தோம் என்பதையே மறந்துபோன இடங்கள் நிறைய. அந்த ஏற்பாடு தவறில்லை, சில நாள் தாங்கும். ஆனால் காரணத்தை எழுதிவைக்காவிட்டால் நோய் அப்படியே உள்ளே இருக்கும்.

இத்தனை நாள் ஓடினால் கண்டிப்பாக விழும் என்று எண்ணிச் சொல்லக்கூடிய கோளாறுகளும் உண்டு. கம்ப்யூட்டர் தன் உள்ளே காலத்தை எண்ணும் விதத்திலிருந்து வருபவை இவை. விண்டோஸ் 95, 98 இரண்டும் தொடங்கிய நேரத்திலிருந்து மில்லி விநாடிகளை 32 பிட் எண்ணில், அதாவது 32 இரும இலக்கங்களில், எண்ணிக்கொண்டிருந்தன. 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண்ணை மில்லி விநாடியாக வைத்துக்கொண்டால் 49 நாள் 17 மணி நேரம் வரும். அதைத் தாண்டினால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும், மெஷின் உறைந்து நிற்கும். அந்தக் காலத்து விண்டோஸ் அத்தனை நாள் விழாமல் ஓடுவதே அபூர்வம் என்பதால் 1999 வாக்கில்தான் இந்தக் கோளாறு வெளியே வந்தது. விண்டோஸ் போன்ற இன்னோர் இயங்குதளமான லினக்ஸின் பழைய பதிப்புகளில் நொடிக்கு 100 என்று எண்ணியதால் அதே கணக்கு 497 நாளில் சுற்றி வந்தது. போயிங் 787 விமானத்தில் மின்சார ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் கருவிகள் 248 நாள் தொடர்ந்து இயங்கினால் ஒரே நேரத்தில் நின்றுவிடக்கூடும் என்று கண்டறியப்பட்டு, அதற்குள் அவற்றை அணைத்துப் போட வேண்டும் என 2015-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை உத்தரவே போட்டது. இது பழங்காலத்தோடு போய்விடவில்லை. 2019-ல் வந்த ஏ.எம்.டி. எபிக் இரண்டாம் தலைமுறை சர்வர் சிப்புகளில், சுமார் 1,044 நாள் ரீஸ்டார்ட் இல்லாமல் ஓடினால் கோர் எனப்படும் கணக்கிடும் பகுதி ஒன்று ஆழ்ந்த மின்சேமிப்பு நிலையிலிருந்து எழாமல் போகக்கூடும் என்று அந்த நிறுவனமே 2023-ல் அறிவித்தது. ஏறக்குறைய 2 வருஷம் 10 மாதம். "தொடாதே" என்று விட்டுவைத்த மெஷின் தொடக்கூடிய எண்தான்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்ற கேள்விக்குத் தெளிவான பதில் சொல்லாமல் விட்டதால் உயிர் போன நிகழ்வும் இருக்கிறது. 1991 வளைகுடாப் போரில், சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த அமெரிக்கப் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. 0.1 என்ற எண்ணைக் கம்ப்யூட்டரின் இரும எண்ணில் முழுமையாக எழுத முடியாது. 24 பிட்டுக்கு மேல் வந்ததை வெட்டிவிட்டார்கள். ஒவ்வோர் எண்ணிக்கையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பிழை. 100 மணி நேரம் ஓடியதும் அது சுமார் 0.34 விநாடியாக வளர்ந்துவிட்டது. அந்த நேரத்துக்குள் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அமைப்பு தவறான இடத்தில் தேடியது, எதுவும் இல்லை என்று முடிவு செய்தது. பிப்ரவரி 25 அன்று படைவீரர் குடியிருப்பின் மேல் விழுந்த அந்த ஏவுகணையில் 28 பேர் இறந்தார்கள்.

அமெரிக்க அரசுத் தணிக்கை அலுவலகம் 1992-ல் வெளியிட்ட அறிக்கையில் மனதை உறுத்தும் விவரம் ஒன்று இருக்கிறது. நீண்ட நேரம் ஓடினால் குறி விலகும் என்பது இஸ்ரேலியர்கள் கொடுத்த தகவலால் முன்பே தெரிந்திருந்தது. பிப்ரவரி 21 அன்று, மிக நீண்ட நேரம் ஓட்டினால் பிரச்சினை வரும் என்று படைகளுக்குச் செய்தியும் போனது. எவ்வளவு நேரம் என்றால் மிக நீண்ட நேரம் என்பதை மட்டும் அதில் சொல்லவில்லை. ரீபூட், அதாவது ரீஸ்டார்ட் செய்ய ஆகியிருக்கக்கூடிய நேரம் 60 முதல் 90 விநாடி. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள், பிப்ரவரி 26 அன்று. இதைப் படித்தபிறகு "அப்பப்ப ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு வர என்னால் முடிவதில்லை. ஒரு சாஃப்ட்வேருக்கு இப்படி எல்லை இருப்பது தெரிந்தால், தேதியைக் கணக்குப் போட்டு எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆனாலும் இவையெல்லாம் தனித்தனிப் பிழைகள். நம் அலுவலகங்களில் ரீஸ்டார்ட்டுக்கு அன்றாடக் காரணம் பாதுகாப்பு அப்டேட்தான். மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிடுகிறது. அமெரிக்க நேரத்தில் காலை என்பதால் நமக்கு அது செவ்வாய் ராத்திரி. பெரும்பாலானவை ரீஸ்டார்ட் செய்தால்தான் நடைமுறைக்கு வரும். அப்டேட் இறங்கிவிட்டது, திரையில் "ரீஸ்டார்ட் தேவை" என்று மூன்று மாதமாக நிற்கிறது என்றால், பூட்டு வாங்கியாயிற்று, இன்னும் கதவில் மாட்டவில்லை. 2017 மார்ச் 14 அன்று விண்டோஸின் ஃபைல் பகிர்வில் இருந்த ஓட்டைக்குத் திருத்தம் வெளியானது. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. பிரிட்டன் மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான முன்பதிவுகள் ரத்தாயின. நடுவில் கிட்டத்தட்ட இரண்டு மாதம் இருந்தது. நோயாளிகளை நம்பி நடக்கும் இந்த ஊரில் ஸ்கேன் படம் வைத்திருக்கும் சர்வருக்கு அந்த இரண்டு மாத அலட்சியம் எவ்வளவு பெரிய விலை என்று நான் விளக்க வேண்டியதில்லை.

லினக்ஸில் நிலைமை கொஞ்சம் நெகிழ்வானது. பெரும்பாலான அப்டேட்டுகளுக்கு அந்தந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் போதும். இயங்குதளத்தின் மையமான கெர்னல் மாறினால்தான் முழு ரீபூட். ஆனால் ஒரு பொறி உண்டு. ஓப்பன் எஸ்.எஸ்.எல். போல, பல புரோகிராம்கள் பகிர்ந்து பயன்படுத்தும் பொது லைப்ரரியைப் புதுப்பித்தால் டிஸ்க்கில் உள்ள ஃபைல் மாறுமே தவிர, ஏற்கெனவே ஓடும் புரோகிராம்கள் மெமரியில் உள்ள பழைய பிரதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். எவையெவை என்று தேடித் தேடி ரீஸ்டார்ட் செய்வதைவிட மொத்தமாக ஒரு ரீபூட் எளிது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலையே திருத்தும் லைவ் பேட்ச் வசதி 2015-ல் வந்த 4.0 பதிப்பிலிருந்து லினக்ஸில் இருக்கிறது. விண்டோஸ் சர்வர் 2025-லும் இதுபோன்ற ஹாட்பேட்ச் வசதி கட்டணத்துக்குக் கிடைக்கிறது; அதிலும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என வருஷத்துக்கு நான்கு மாதங்களில் ரீஸ்டார்ட் உண்டு. இவை ரீஸ்டார்ட்டைத் தள்ளிப்போடும், ஒழிக்காது.

தினமும் அணைத்துப் போடுகிறவர்களுக்கு இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சின்ன அலுவலகங்களில் சர்வராக இருப்பது பல நேரம் விண்டோஸ் 10 அல்லது 11 போட்ட சாதாரண கம்ப்யூட்டர். அதில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி பொதுவாக முன்கூட்டியே இயங்கும்படி வைக்கப்பட்டிருக்கும். ஷட் டவுன் கொடுத்தால் உள்ளே இருக்கும் கெர்னலை அது மூடுவதில்லை. அதன் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு, காலையில் அதையே எடுத்து ஏற்றுகிறது. தினமும் அணைத்துப் போடுகிறோம் என்று நினைக்கும் மெஷின், டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் பல வாரமாக ஓடுவதாகக் காட்டும். ரீஸ்டார்ட் என்ற பொத்தானை அழுத்தினால்தான் கெர்னல் உண்மையில் புதிதாகத் தொடங்குகிறது. ஒரே ஒரு முறை பார்த்துவிடுங்கள்: டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ், அதில் சி.பி.யு., கீழே அப் டைம்.

சரி, இப்போது நான் முக்கியமாக நினைக்கும் காரணத்துக்கு வருகிறேன்.

ஒரு சர்வர் இரண்டு வருஷமாக நிற்காமல் ஓடுகிறது. அதற்குள் யாரோ ஒருவர் வந்து புது பேக்கப் டிஸ்க் மாட்டியிருப்பார், மற்றொருவர் பில்லிங் சாஃப்ட்வேரைக் கையால் தொடங்கிவிட்டு, தானாகத் தொடங்கும்படி வைக்க மறந்திருப்பார். நெட்வொர்க் ஸ்விட்ச்சில் மாற்றம் செய்தவர் அதைச் சேமிக்காமல் போயிருப்பார். ஓடும்வரை எதுவும் தெரியாது. எல்லாம் சேர்ந்து ஒருநாள், சர்வர் எழும்போது, ஒரே நேரத்தில் முகத்தில் அடிக்கும். எந்த மாற்றத்தால் விழுந்தது என்று இரண்டு வருஷ வரலாற்றைத் தோண்ட வேண்டும். செய்தவர் வேலையை விட்டே போயிருப்பார். மாதம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்திருந்தால் தேட வேண்டியது அந்த ஒரு மாதத்து மாற்றங்களை மட்டும். செய்தவரும் பக்கத்திலேயே இருப்பார், கேட்டால் ஞாபகமாகச் சொல்வார்.

அந்த ஒருநாளைத் தேர்ந்தெடுப்பது நாமாக இருந்தால் பரவாயில்லை. வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி என்று துணை மின்நிலையம் வாரியாக மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணி முதல் மின்தடை என்று நாளிதழில் வரும். அலுவலக யு.பி.எஸ். அத்தனை மணி நேரம் தாங்காது. கோடைச் சூட்டில் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுளும் வேகமாகக் குறையும், போன வருஷம் அரை மணி நேரம் தாங்கியது இந்த வருஷம் பத்து நிமிடத்தில் கைவிட்டுவிடும். ஆக, நாம் ரீஸ்டார்ட் செய்யாவிட்டால் மின்சாரம் செய்துவிடும். அது டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போதா, மாதக் கடைசியில் சம்பளம் போடும்போதா, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் நாளிலா என்று பார்க்காது. பல வருஷம் சுழன்ற ஹார்ட் டிஸ்க் ஒருமுறை நின்றபின் மறுபடி சுழல மறுப்பதும் இப்படித்தான் தெரியவரும். மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருந்தால் மெஷின் ஏதோ பழைய வருஷத்துத் தேதியோடு எழும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே இடத்தில் லாகின் சரிபார்க்கும் டொமைன் அமைப்பில் கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தாலே லாகின் மறுக்கப்படும். சில ரூபாய் பேட்டரியால் மொத்த அலுவலகமும் உட்கார்ந்திருக்கும்.

அதனால்தான் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைக் கண்டதும் எரிச்சல்படாதீர்கள் என்று சொல்கிறேன். எப்படியும் சர்வர் இறங்கப்போகிறது. முந்தைய நாள் மாலையே பேக்கப் எடுத்து, அப்டேட் போட்டு, ஒரு ரீஸ்டார்ட் செய்து சரிபார்த்துவிடலாம். மறுநாள் மின்சாரம் போகும் முன் முறையாக அணைத்துவைக்கலாம். தேதி தானாகவே கையில் வந்து விழுகிறது.

அப்படியானால் எத்தனை நாள்? விண்டோஸ் சர்வர், டாலியோ பில்லிங்கோ ஓடும் விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் மாதம் ஒருமுறை, அந்த மாத அப்டேட் வந்து ஒரு வாரத்துக்குள். லினக்ஸ் என்றால் கெர்னல் அப்டேட் வரும்போது. பெரிய அவசரம் இல்லாத இடத்தில் மூன்று மாதத்துக்கு மேல் தள்ள வேண்டாம். இணையத்திலிருந்து நேரடியாக எட்டக்கூடிய சர்வருக்கு இந்தத் தவணை எதுவும் பொருந்தாது, கடுமையான ஓட்டை என்றால் அன்றைக்கே. பல சர்வர்களைச் சுமக்கும் விர்ச்சுவல் ஹோஸ்டை உள்ளே இருப்பவற்றோடு சேர்த்துத் திட்டமிட வேண்டும். தினசரி ரீஸ்டார்ட் யாருக்கும் தேவையில்லை. தேவைப்படுகிறது என்றால் அந்தச் சாஃப்ட்வேரில் கோளாறு, அதை விற்றவரிடம் கேளுங்கள். ரீஸ்டார்ட் ஆன சர்வரில் முதல் சில நிமிடம் டேட்டாபேஸ் மந்தமாக இருப்பது இயல்பு. மெமரியில் வைத்திருந்த தகவலை அது மறுபடி டிஸ்க்கிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்கிறது.

ஒரு நிமிடம்கூட நிறுத்த முடியாத இடங்கள் இருக்கின்றனவே என்பார்கள். பெரிய மருத்துவமனைகள் அப்படித்தான். அங்கே விடை நிறுத்தாமல் இருப்பது அல்ல, இரண்டு வைத்திருப்பது. ஒன்றின் வேலையை மற்றதற்கு மாற்றிவிட்டு முதலாவதை ரீஸ்டார்ட் செய்வார்கள், பிறகு அடுத்தது. ஒரே ஒரு சர்வரை வைத்துக்கொண்டு அதை நிறுத்தவே முடியாது என்றால், அது பழுதாகும் நாளில் என்ன செய்வது என்ற கேள்விக்கும் அங்கே விடை இல்லை.

செய்யும் முறையில் பெரிய வித்தை ஒன்றுமில்லை, நேரம்தான் முக்கியம். அலுவலகம் முடியும் நேரத்துக்குச் சற்று முன்பு வையுங்கள். பின்னிரவில் வைத்தால் எழாமல் போனது காலையில்தான் தெரியும், அப்போது வாசலில் ஆள் நிற்பார்கள். பேக்கப் எடுத்தாயிற்றா என்று மட்டும் கேட்காமல், அதிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். டாலி, பில்லிங் எல்லாவற்றையும் எல்லா டேபிளிலும் மூடச் சொல்லுங்கள். உண்மையான சர்வர் மெஷின்கள் திரையில் எதுவுமே வராமல் மெமரியைச் சோதித்துக்கொண்டு சில நிமிடம் நிற்கும், மெமரி அதிகமானால் பத்து நிமிடம்கூட ஆகலாம். பதறிப்போய் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடாதீர்கள். மானிட்டரும் கீபோர்டும் மாட்டியே இருக்கட்டும், டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். எழுந்ததும் கடிகாரமும் தேதியும் சரியா, பேக்கப் டிஸ்க் தெரிகிறதா, டேட்டாபேஸ் முதலில் எழுந்து அதன்பின் பில்லிங் சர்வீஸ் எழுந்ததா என்று பார்த்துவிட்டு, வேறொரு டேபிளிலிருந்து நேற்றைய பில் ஒன்றைத் திறந்து பிரிண்ட் எடுங்கள். பிரிண்ட் வந்தால் தேதியையும் நேரத்தையும், எதையாவது கையால் தொடங்க வேண்டியிருந்ததா என்பதையும் சர்வர் நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு மற்றவர்களை வேலையைத் தொடரச் சொல்லலாம்.